கடுகடுவும் கண்ணீர்க்கார அப்பாவும்

குழந்தைகள் மருத்துவமனையில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் இருக்கும் சின்ன அறைதான் குடும்ப உதவிப் பிரிவு. வாசலில் யானைக்குட்டி வரைந்த பலகை, உள்ளே மெத்தை வைத்த நாற்காலிகள், மேஜைமேல் கண் துடைத்துக்கொள்ள டிஷ்யூ பெட்டி. இத்தனை இதத்துக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவளுக்கு நர்சுகள் வைத்த பெயர் கடுகடு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்குத் தங்க இடம் பிடித்துத் தருவாள். டாக்டர் சொன்னது புரியாவிட்டால் அந்த டாக்டரையே இழுத்துவந்து மறுபடி சொல்லவைப்பாள். ஆனால் ஆறுதலாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து உதிராது. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய தம்பி இப்படியொரு வார்டில் மாதக்கணக்கில் கிடந்தான். பார்க்க வந்த சொந்தங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதன. "யார் பண்ணின பாவமோ" என்றன. அழுது தொண்டை வறண்டதும் அம்மாவிடமே தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போயின. தம்பி பிழைத்துக்கொண்டான். அழுகிறவர்கள்மேல் அவளுக்கு இருந்த மரியாதைதான் பிழைக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவளிடம் வந்து சேர்ந்தார் வீட்டுத் தரகர் ஒருவர். அவருடைய மகள் உணவுக்குழாய் இரைப்பையோடு சேராமல் பிறந்தவள். சிறப்பு மருத்துவர் அறுவை செய்து சேர்த்துவிட்டார். அது ஆறும்வரை வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் பால். வீட்டுக்கு அனுப்ப மருத்துவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டில் இரண்டு பேர் குழாயில் பால் கொடுக்கவும், அதைச் சுத்தம் செய்யவும் கற்றிருக்க வேண்டும். தாய் கற்றுக்கொண்டாள். தகப்பன் அழுதார்.

சும்மா அழவில்லை, ஆள் பார்த்து அழுதார். தாழ்வாரம் காலியாக இருந்தால் கண் காய்ந்திருக்கும். நாலு பேர் வந்துவிட்டால் பொங்கும். பார்க்க வந்தவர்களைத் தொட்டில் பக்கம் கூட்டிப்போய், வாடகைக்கு வீடு காட்டுகிற தோரணையில், "இதுதான் குழாய், இது வழியாத்தான் பால் உள்ள போகும்" என்று காட்டுவார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

"இன்னிக்காவது கத்துக்க வர்றீங்களா?" என்று கடுகடு கேட்டாள்.

"மேடம், அது என் உசுரு. அந்தக் குழாயப் பாத்தாலே எனக்கு மயக்கம் வருது."

"உக்காந்துக்கிட்டே கத்துக்கலாம். விழ மாட்டீங்க."

மறுநாள் அவருக்குக் கை வலி. அதற்கு மறுநாள் குழாயைத் தொடப்போகும் நேரத்தில் போன் அடித்தது. பேசிக்கொண்டே போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

"அவரு மனசு வெண்ணெய்ங்க" என்றாள் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு.

"தெரியுது. புடிச்சா வழுக்குது. வீட்டுல வேற யாரு இருக்கா?"

மனைவி தயங்கினாள். "மாடியில எங்க ஓரகத்தி இருக்காங்க. அவரோட அண்ணன் பொண்டாட்டி. தண்ணிக் குழாய் தகராறுல பேச்சுவார்த்தை நின்னு போச்சுங்க."

அந்த ஓரகத்தியைக் கடுகடு ஒருமுறை பார்த்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு வார்டு வாசலில் நின்றவள், எல்லாவற்றையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வேடிக்கை பார்க்கிற ரகம் என்று அப்போதே முத்திரை குத்தியாகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் இப்போது போன் செய்தாள்.

ஓரகத்தி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"எனக்கும் அவளுக்கும் ஆகாது. அது வேற. பால் எப்படி ஊத்தணும், அதச் சொல்லுங்க."

தன் கணக்குத் தப்பிவிட்டது என்று கடுகடு ஒப்புக்கொள்ளவா போகிறாள்? "கையக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பயிற்சிப் பொம்மையின் வயிற்றுக் குழாயில் ஓரகத்தி ஒரே மூச்சில் ஊற்றினாள். பால் பொம்மைமேலும் கடுகடுவின் புடவைமேலும் கொட்டியது. "சனியனே, அசையாம கிட" என்று பொம்மையைத் திட்டினாள். இரண்டு மூன்று நாளில் கை படிந்துவிட்டது. ஆனாலும் குழந்தையின் தாயும் அவளும் நேருக்கு நேர் பேசவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லுடி, சிரிஞ்ச இன்னும் தூக்கிப் புடிக்கணும்னு" என்று குழந்தையிடம் சொல்வாள் ஓரகத்தி. தாய் மறுபேச்சில்லாமல் தூக்கிப் பிடிப்பாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் புதுச் சட்டையோடு வந்தார் தரகர். விஷயம் தெரியாத சிறப்பு மருத்துவர் அவர் கையைக் குலுக்கி, "உங்கள மாதிரி அப்பா கிடைக்கிறது அபூர்வம்" என்றார். தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அதற்குள் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். "மேடம், நீங்களும் வாங்க" என்று அவர் கூப்பிட்டபோது, "எனக்கு வேலை இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள் கடுகடு.

சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அதுவும் அவள் வேலைதான். உள்ளே தண்ணிக் குழாய்ச் சண்டை தெருவரைக்கும் கேட்டது. ஒருத்தி கத்திக்கொண்டே பாலை அளந்து ஊற்ற, இன்னொருத்தி பதிலுக்குக் கத்திக்கொண்டே சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது. தரகர் வாசல்படியில் உட்கார்ந்து யாருக்கோ போனில் தன் துயரத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் குழந்தை வாயால் சாப்பிடத் தேறிவிட்டது, குழாயை எடுத்துவிட்டார்கள். அன்று வெளிநோயாளிகள் வரிசையில், புதிதாகக் குழாய் பொருத்திய பிள்ளையோடு நின்ற ஒரு தகப்பனைப் பிடித்துக்கொண்டார் தரகர்.

"நாங்க பட்ட கஷ்டம் கொஞ்சமா நஞ்சமா? ராத்திரி பகல்னு பாக்காம, இந்தக் கையாலதான்..."

அந்த வழியாகப் போன கடுகடு நின்றாள். அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புதிய தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"இவரு கதை முடியாது. நீங்க உள்ள வந்து கையக் கழுவுங்க, சொல்லித் தரேன்."

அந்த ஆள் பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவள் பின்னால் போனான்.