நர்சம்மாவின் கம்பவுண்டர்

சேதி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். பாதி முடி வெட்டியாகியிருந்தது. அன்று என் மனைவி மல்லிகா விடுப்பு எடுத்துக்கொண்டு, "போய் முடி வெட்டிக்கினு வா, அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பியிருந்தாள். போனில் அவள் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "அம்மா போயிட்டாங்க. சாப்ட்டு படுத்தாங்க. எழுப்பினேன், எழுந்துக்கல."

மீதி முடியையும் வெட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி வாசல் கேட்டைப் பூட்ட வேண்டாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்படுகிறேன். இருந்தாலும் மறைக்கப் போவதில்லை.

முசரவாக்கத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இதை வாசிக்கும் பலர் ருக்மணி அம்மாளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். உங்களுக்கு அவர் நர்சம்மா. எனக்கு மாமியார். இந்த உறவை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. அவர்கள் நிலமுள்ள குடும்பம். நான் பக்கத்து ஊர்க் காலனியில் பிறந்த கிறிஸ்தவன். எங்கள் பதிவுத் திருமணத்துக்குப் பின் பதினான்கு ஆண்டுகள் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கதவருகே நின்றிருந்த என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு மறதி வந்தது. ஒருநாள் ஏனாத்தூர் பஸ் நிறுத்தத்தில், தன் ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்தவர்கள் கூட்டிவந்தார்கள். மல்லிகா அவரைச் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவள் காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் மாலைதான் வருவாள். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவன்; கடையை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பகல் முழுக்க நானும் அவரும் மட்டும்.

முதல் நாள் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ? புதுசா வந்த கம்பவுண்டரா?" என்றார்.

"இல்ல அத்த. நான் தாவீது. மல்லிகா வூட்டுக்காரன்."

டீ டம்ளர் கீழே விழுந்தது. மகள் அன்றைக்குத்தான் வீட்டைவிட்டுப் போனதுபோலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாளும் கேட்டார், நானும் உண்மையைச் சொன்னேன், அதே அழுகை. மூன்றாம் நாள், "ஆமா நர்சம்மா, கம்பவுண்டர்தான்" என்றேன். சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு எனக்கு உரியதல்ல.

மூன்று ஆண்டுகள் நான் கம்பவுண்டராகவே இருந்தேன். தினமும் காலையில், இன்னும் சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர்போல, "சென்டருக்கு நேரமாச்சு" என்று கிளம்புவார். கேட் பூட்டியிருக்கும். கம்பியைப் பிடித்து உலுக்கி, தெருவில் போகிறவர்களிடம், "இந்த ஆளு என்ன அடைச்சு வச்சிருக்கான்" என்பார். போகிறவர்கள் நின்று என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"நீங்க மட்டுமா உள்ள இருக்கீங்க? நானுந்தான் இருக்கேன்."

அவர் கம்பியை விட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வா, ரெண்டு பேரும் போலாம். சாவி யார்கிட்ட இருக்குது?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

திறந்துகொண்டு அவரோடு பாலாற்றங்கரை வரை நடந்தேன். அன்றுமுதல் அது வழக்கமாயிற்று. தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவோம். வழியெல்லாம் எனக்கு வேலை சொல்லித் தருவார். "அழுவுற புள்ளகிட்ட நியாயம் பேசாத. கையப் புடிச்சுக்க, போதும்." அவரையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. ஆனாலும் திரும்பிவந்து கேட்டைப் பூட்டும்போது மறுபடி அதே சண்டை. சில நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் தயிர்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே பேச்செடுத்தார்.

"என் பொண்ணு ஒருத்தன கட்டிக்கினா, கம்பவுண்டரு. அவன்கிட்ட நான் பேசனதே இல்ல."

"ஏன் நர்சம்மா?"

"பேசினா ஊர்ல எவனும் எனக்குக் கதவு தொறக்க மாட்டான். நர்சுக்கு எல்லா வூட்டுக் கதவும் தொறக்கணும்பா."

என் கை நின்றுவிட்டது. "அவரு இப்ப வந்து நின்னா?"

வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "மொதல்ல உக்காரச் சொல்லணும். ரொம்ப நாளா நின்னுக்கினே இருக்கான்."

அது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் டம்ளர் மறுபடி விழும். அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அடக்கத்தன்று முசரவாக்கத்து உறவினர் ஒருவர், "நீங்க யாரு?" என்று கேட்டார். "மருமகன்" என்றேன். மாமியாரின் காதுக்கெட்டும் தூரத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல அன்றுதான் எனக்கு வாய்த்தது. அதனால் இனி யாருக்கும் வலிக்காது.

அவருடைய துணிமணிகளை மல்லிகா வைத்திருக்கிறாள். எதிரில் இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசுவதாக நினைத்து, உட்காரச் சொல்லணும் என்று அவர் என்னிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.