மார்பில் குத்தாத அட்டை

சீர்காழிப் பக்கத்து வெல்டர் லியோ வைத்த பற்று விடாது என்று மூன்று மாநிலத்து மேஸ்திரிகளும் சொல்வார்கள். காவிரியில் தண்ணீர் வராமல் குத்தகை வயல் இரண்டு போகம் காய்ந்த வருஷம் ஊரை விட்டுக் கிளம்பியவன், பன்னிரண்டு வருஷம் அணுமின் நிலையங்களில் ஒப்பந்தக் கூலியாகக் குழாய் பற்றவைத்தான். உலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் நாட்களில்தான் அவனுக்கு வேலை.

அங்கே உள்ளே போகிறவர்கள் மார்பில் ஒரு சின்ன அட்டையைக் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அளவு தாண்டினால் அந்த வருஷம் வேலை கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான். காய்ந்த வயலுக்கு எவன் திரும்பிப் போவான்? உடை மாற்றும் அறையிலேயே அட்டையைக் கழற்றி டிபன் டப்பாவுக்குள் போட்டுவிட்டு லியோ உள்ளே போவான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தால்தானே!

ஐம்பத்திரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூர் டாக்டர் யோசனை சொல்ல, நிலையத்தார் வைத்தியம் பார்ப்பார்களா என்று கேட்டு எழுதிப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிவேட்டின்படி இவருக்குக் கதிர் பட்டதே இல்லை என்று சொல்லலாம், நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. பொய் எழுதிவிட்டார்கள் பாவிகள் என்று மனைவி ரோஸ்லின் வயிறெரிந்து சபித்தாள். லியோ அந்தக் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

ஈஸ்டர் லீவுக்கு மகன் ஜெனித் வந்திருந்தான். புது உலைகள் கட்டுகிறார்கள், பழைய உலைகளுக்கு ஆள் போதவில்லை. அப்பா பேரைச் சொன்னதுமே மேஸ்திரி அவனைப் போன வருஷம் சேர்த்துக்கொண்டார். மறுநாள் பஸ். தன் உயிர்தான் போகிறது, பிள்ளையாவது தப்பட்டும் என்று லியோவின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ரோஸ்லின் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து அவனைக் கூப்பிட்டான்.

"அந்த லெட்டர்ல பொய் ஒண்ணும் இல்ல தம்பி. நான்தான் அட்டையக் குத்திக்காம உள்ள போனேன். டப்பாவுல ஒளிச்சு வச்சேன். நீ அப்படிச் செஞ்சிடாதடா."

ஜெனித் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும்ப்பா. மேஸ்திரி மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாரு. லியோ டப்பான்னுதான் அங்க அதுக்குப் பேரே."

லியோ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பைக்குள் கையை விட்டுத் துழாவி டிபன் டப்பாவை எடுத்தான். ரோஸ்லின் மகனுக்குக் கொடுத்தனுப்பிய, லியோவின் பழைய எவர்சில்வர் டப்பாவேதான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தர மாட்டேன் என்று தலையை ஆட்டி ஆட்டி அழுதான்.

ஜெனித் அப்பாவின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தான்.

"நீங்களே வச்சுக்குங்கப்பா," என்றான். "அங்க வேற டப்பா கிடைக்கும்."