பெரியம்மா எண்ணிய இருபது

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் பெரியப்பாவிடம். மரகதம் பெரியம்மாவைத் தெரிந்தவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன். காரியத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் அவருடைய வத்தக்குழம்பைப் பற்றியே பேசிவிட்டுப் போனீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் இறந்த செய்தி பட்டறை போனில்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா பேசினார். "பெரிம்மா பூட்டாங்கம்மா. பெரிப்பாவ எழுப்பிச் சொல்லு." ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது என்று பெரியப்பா பட்டறை பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

ஏன் எண்ணினேன் என்று சொல்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்களுடையது மரப்பெட்டிப் பட்டறை. கம்பெனிகள் இயந்திர பாகங்களை வைத்து அனுப்பும் பெட்டிகள். வாசல் பலகையில் பெரியப்பா பெயரும், கூடவே 'அண்ட் சன்ஸ்' என்றும் எழுதியிருக்கும். அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது. 1991 நடக்கிறது. பிறக்காத மகன்களுக்குப் பலகையில் இடம் இருக்கிறது, பட்டறையை நடத்திய பெரியம்மாவுக்கு இல்லை.

போனைப் பெரியம்மாதான் எடுப்பார். விலையோ அளவோ எதைக் கேட்டாலும், "ஓனரக் கேட்டு சொல்றேங்க" என்பார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருபது எண்ணுவார். பிறகு, "ஓனர் முடியாதுன்னுட்டாருங்க" என்பார். ஒருமுறை பதினான்காவது எண்ணில் நான் சிரித்துவிட்டேன். தொடையில் கிள்ளினார்.

"இன்னாத்துக்குப் பெரிம்மா இந்த நாடகம்? நீதான ஓனரு?"

"பொம்பள வெல சொன்னா கொறச்சுக்கோம்பான்டி. ஓனர் சொன்னாருன்னா கம்முனு போன வெச்சுடுவான்."

"அந்த ஓனருக்கு ஆணி சைஸே தெரியாதே."

"அதான் வசதி. நடுவுல பேச மாட்டாரு."

ஒருநாள் கம்பெனி அதிகாரி ஒருவர் ஓனரை நேரில் பார்க்கவே வந்துவிட்டார். பெரியம்மா அவசரமாகப் பெரியப்பாவுக்குச் சலவைச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தார். பலகை என்ன கனம் போடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். பெரியப்பா இரண்டு விரல்களை அகல விரித்து, "இவ்ளோ" என்றார். அந்தக் கனத்தில் செய்தால் காலிப் பெட்டியைத் தூக்கவே கிரேன் வேண்டும். காபியோடு வந்த பெரியம்மா, "முக்கா இஞ்சுன்னு சொல்றாருங்க" என்றார்.

"அதத்தான நானும் சொல்லிக்கினு கீறேன்" என்று பெரியப்பா காபியை வாங்கிக்கொண்டார்.

அன்று பெரியம்மாமீது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். "ஒக்காந்துட்டா வேலைய யாருடி பாக்குறது?" என்றார். அவரோடு பேசி ஜெயிக்கவே முடியாது.

அவர் ஒளிந்து ஒளிந்து நடத்தியதற்குப் பலன் இதோ. பட்டறையை விற்கப்போகிறார்கள். "இத்தன வருசம் நான் ஒருத்தனா ஓட்டினேன். இனிமே ஒடம்பு தாங்காது" என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். ஓட்டியவர் சுவரில் மாலையோடு படமாக இருந்தார். நாளைக் காலையில் வாங்குகிறவர் முன்பணத்தோடு வருகிறார். அதன்பிறகு பதினோரு பேருக்கு வேலை இல்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பட்டறையில் யாரும் இல்லை. போன் அடித்தது. நூறு பெட்டி அவசரமாக வேண்டுமாம், பலகை அரை இஞ்சு போதுமாம். "ஓனர் இருக்காராம்மா?"

"கேட்டு சொல்றேங்க."

பொத்திக்கொண்டேன். பதினேழில் போனை வைத்துவிட்டு ஓடலாம் என்று தோன்றியது. இருபது.

"அரை இஞ்சு வேணாங்கறாருங்க. பெட்டி அடி பேந்துடுமாம். முக்கால்னா செய்யலாமாம்."

"சரி, ஓனரே சொன்னப்புறம் இன்னா. போடச் சொல்லும்மா."

மேஸ்திரி ஆரோக்கியசாமி அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய், நூறு பெட்டிக்கு ஓனர் ஒத்துக்கொண்டார் என்றேன். எந்த ஓனர் என்று அவர் கேட்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு, "அப்போ விடிகாலைல அறுக்க ஆரம்பிச்சுடலாம் பாப்பா. ஆளுங்களுக்குச் சொல்லிட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினார்.

இது தெரிந்தால் என் படிப்பை நிறுத்திவிடுவார்கள். பெரியப்பா பேச்சை அப்பா தாண்டமாட்டார். ஏன் பெரியம்மா, ஒரே ஒருநாள் நான்தான் ஓனர் என்று நீ சொல்லியிருந்தால் நான் இப்படிப் பயந்து சாகவேண்டியிருக்குமா?

அவருடைய பட்டுச்சேலைகளை அத்தைகள் பிரித்துக்கொண்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்த இருபதை நான் எடுத்துக்கொண்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா.

"அடியே, தொற! மரம் அடுக்கற கொட்டா சாவி கேட்டு ஆரோக்கியசாமி வந்து நிக்கிறான். ஓனர் சொன்னாராம். யார்டி அந்த ஓனரு?"

ஒன்று. இரண்டு. மூன்று