திருவிருந்து வரிசையில் முனியம்மாள்

முனியம்மாள் பெஞ்சை விட்டு எழுந்து திருவிருந்து வரிசைக்கு வருவதை நான் பார்த்துவிட்டேன். வெள்ளை அங்கியோடு பலிபீடத்துக்குப் பக்கத்தில், எங்கள் சபைக் குருவான ஐயருக்கு உதவியாக நின்றிருந்தேன். நாலு எட்டு வைத்தால் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

பிள்ளைகளே, செஞ்சியில் நான் உபதேசியாராக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஊர் ஊராகப் போய் ஜெபிப்பது, புதியவர்களை ஆலயத்துக்கு அழைத்து வருவது, இதுதான் வேலை. எங்களுடையது வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் முறைமை உள்ள சபை. எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது எல்லாம் புத்தகப்படிதான். பல வருடங்களாகப் புதிதாக ஒரு குடும்பமும் சேரவில்லை. அதனால் கமிட்டியார் ‘மிஷன் ஞாயிறு’ என்று ஒன்று வைத்து, ஆட்களை அழைத்து வரச் சொன்னார்கள்.

முனியம்மாளும் அவள் புருஷன் ஏழுமலையும் தொண்டூரில் வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போகிறவர்கள். ஏழுமலை காய்ச்சலில் கிடந்தபோது ஜெபிக்கப் போனேன். அதன் பிறகு ஏழெட்டு மாதம், வாரம் தவறாமல் போனேன்.

"இன்னாண்ணா, எங்களயெல்லாம் உங்க கோயில்ல உள்ள வுடுவாங்களா?" என்று கேட்பாள்.

"ஆண்டவரோட பந்தில எல்லாருக்கும் எடம் இருக்குது, வாம்மா" என்பேன்.

எல்லா ஊரிலும் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போன பேச்சு. ஆனால் ஞானஸ்நானம் எடுத்து, பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுத்தவர்களுக்குத்தான் திருவிருந்தில் அப்பம் என்பதை ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வராமல் போய்விடுவாளோ என்று பயம்.

அந்த மிஷன் ஞாயிறு, வரிசையில் மற்றவர்களைப் பார்த்து அவளும் முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் ஏந்தினாள். ஐயர் அவளிடம் வந்து நின்றார்.

"திடப்படுத்தல் ஆயிடிச்சா?"

"இன்னா சாமி?"

ஐயர் அடுத்தவரிடம் போய்விட்டார். தலையில் கை வைத்து ஆசீர்வதித்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. முனியம்மாள் கையை மடக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் எழுந்தாள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா உபதேசியாரே, ஆள இட்டாந்தா போதுமா? முறைமை சொல்லித் தர மாட்டியா?"

"சொன்னேங்கய்யா. அவங்களுக்குத்தான் புரியல" என்றேன்.

பொய். எனக்குப் பின்னாலேயே முனியம்மாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

புதன்கிழமை தொண்டூர் போனேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"பந்தில குந்த வச்சிட்டு எல போடாம போறத இந்த ஊர்லயே பாத்துட்டேண்ணா. அதுக்கு இன்னாத்துக்கு பஸ் ஏறி செஞ்சிக்கு வரணும்? அய்யிரு கெடக்கறாரு, அவருக்கு என்னத் தெரியாது. நீ சொல்லாதத சொன்னேன்னியே? எனக்குப் புரியலன்னியே?"

"வுடும்மே, அவரு பொழப்பு அது" என்றான் ஏழுமலை. அவள் திட்டியதை விட அதுதான் எனக்குச் சுட்டது.

அந்த வருட அறிக்கையில் ‘தொண்டூர்: ஒரு குடும்பம் பின்வாங்கியது’ என்று எழுதச் சொன்னார்கள். அதையும் என் கையால்தான் எழுதினேன்.

நீங்கள் யாரையாவது ஆலயத்துக்கு அழைத்தால், உள்ளே என்ன சட்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு வராமல் போனால் போகட்டும். சொல்லத் தவறி அவர்களுக்கு அவமானம் வந்தால், "தப்பு என்னுது" என்று அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பிறகு தனியாகப் போய்ச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

நான் தனியாகத்தான் சொன்னேன், அந்தப் புதன்கிழமை. முனியம்மாள் மல்லாட்டையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"செரிண்ணா. பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு, கெளம்பு" என்றாள்.