செவலை யாருடைய மாடு

மந்தைத்தாங்கலுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் வீட்டைப் பார்க்க மாட்டார்கள், மாட்டுக் கொட்டகையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். திருநீர்மலைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் அப்போது ஆட்களைவிட மாடுகள் அதிகம். வெள்ளிக்கிழமை விடிந்தால் பல்லாவரம் சந்தைக்கு இங்கிருந்துதான் உழவு மாடுகள் போகும். ஏரியை ஒட்டி ஊருக்கெல்லாம் பொதுவான மேய்ச்சல் நிலம் கிடந்தது. அதை யாரோ வெளியூர்க்காரன் வந்து விழுங்கிவிட்டான் என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். விழுங்கியவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். ஏகநாதனின் அப்பாவும் அதில் எல்லைக் கல் நட்டவர்தான்.

அந்தக் கல் நட்ட இடத்தில் இப்போது ஏகநாதனின் மாடிவீடு நிற்கிறது. மேலே நான்கு குடித்தனம், கீழே தகரக் கொட்டகையில் மூன்று கறவை மாடுகள். வாடகையிலேயே குடும்பம் ஓடிவிடும். ஆனாலும் மாடு இல்லாவிட்டால் தன்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மேய்க்கத்தான் இடமில்லை. அதனால் காலையில் கறந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார். காய்கறிக் கடை வாசலிலும் குப்பைத் தொட்டியிலும் வாய் வைத்துவிட்டு, பொழுது சாய்ந்தால் அவையே வீடு வந்து சேரும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் காலை, கன்றைக் கொட்டகையில் விட்டுவந்த அவருடைய செவலைப் பசு ரோட்டில் நின்றிருந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட, மிரண்டு ஓடிய மாடு, மருந்து வாங்கிக்கொண்டு வந்த சூர்யநாராயணன் சாரை முட்டித் தள்ளியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஏகநாதனின் மகள் அனுப்பிரியாவுக்குப் பத்தாம் வகுப்பில் ட்யூஷன் எடுத்தவர். ஏகநாதன் வீட்டுப் பால்தான் அவருக்கு.

எதிர் டீக்கடையில் இருந்த ஏகநாதன் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"எவன் மாடுபா இது? மொதல்ல அவனப் புடிச்சு ஒதைக்கணும்!"

எல்லோரும் ஏகநாதனைப் பார்த்தது போலிருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அவர் வாய் தானாகப் பேசியது.

"தெர்லபா. பம்மல் பக்கத்து மாடு போலக் கீது."

சொன்ன வேகத்தில் குனிந்து சாரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிவரை மடியில் தாங்கிக்கொண்டு போனார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க ஏகநாதன்."

மாநகராட்சி வண்டி அன்று மதியமே செவலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கன்று இரவெல்லாம் கத்தியது. செவலை எங்கே என்று மனைவி செல்லியம்மாள் கேட்டுப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"இன்னாயா சொல்ற? நம்ம மாட்ட நம்ம மாடு இல்லன்னியா?"

"அத்தினி பேர் நின்னுகினு இருந்தாங்க செல்லி. அடிச்சிருப்பாங்க."

"அடிச்சா வாங்கிக்கறது."

மறுநாள் அவளே போய்த் தன் பெயரைச் சொல்லி, அபராதம் கட்டி, மாட்டை மீட்டு வந்தாள். அவர் அவளோடு போகவில்லை. செவலை உள்ளே வந்தபோது அதன் முகத்தைப் பார்க்கக் கூசி, கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சார் வீடு திரும்பியதும் பார்க்கப் போனார். சாரின் மனைவி ரமா நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். நாவலூரிலிருந்து வந்திருந்த மகள் விஷ்ணுப்ரியா, "அந்த மாட்டுக்காரனைக் கண்டுபிடிச்சு கம்ப்ளெய்ன்ட் கொடுக்காம விடக்கூடாது அங்கிள்" என்றாள்.

"ஆமாம்மா. சும்மா வுடக் கூடாது" என்றார் ஏகநாதன். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. சார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை போனபோது சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்டார்கள். சொன்னார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். ரமா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

மூன்றாவது முறை போனபோது அறையில் சார் மட்டும் இருந்தார். எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் கட்ட மறுபடி சாய்ந்தார். ஏகநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சார், அது என் மாடு சார்."

சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்ற ரமாதான் பதில் சொன்னார்.

"தெரியும். மாட்டைக் கூட்டிண்டு வந்த அன்னிக்கே உங்க வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதுட்டுப் போனா. கம்ப்ளெய்ன்ட் வேண்டாம்னு இவர்தான் விஷ்ணுப்ரியாகிட்டச் சொன்னார்."

அப்படியானால் விஷ்ணுப்ரியா அன்று தன்னிடம் பேசியது தெரிந்தேதான் என்று ஏகநாதனுக்கு உறைத்தது. தான் தலையாட்டியதை மூவரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் அளந்ததையும் கேட்டிருக்கிறார்கள்.

"மன்னிச்சிருங்க சார்."

"மாடு முட்டினதுக்கா?" என்றார் சார், மெதுவாக. குரலில் கோபமில்லை.

"நாளையிலேருந்து பால் வேண்டாம்" என்றார் ரமா.

வீட்டுக்கு வந்து செல்லியம்மாளிடம் கத்தினார். "அவங்ககிட்ட சொன்னத ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீயா போய்ச் சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள் அவள், வைக்கோலை உதறிக்கொண்டே. "அது கூடவா நான் சொல்லித் தரணும்?"

அதன்பிறகு அவர் மாடுகளை அவிழ்த்துவிடுவதில்லை. இரண்டை விற்றார். செவலைக்கும் கன்றுக்கும் விலைகொடுத்துத் தீவனம் வாங்கிப் போடுகிறார். மந்தைத்தாங்கலில் மற்ற மாடுகள் இன்னும் ரோட்டில்தான் நிற்கின்றன. "இன்னாபா, திருந்திட்டியா?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை, டீக்கும் இப்போதெல்லாம் அங்கே போவதில்லை.

சார் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டார். அவர் வரும் நேரம் தெரிந்து ஏகநாதன் வேறு தெரு வழியாகப் போய்வந்தார். போன வாரம் தப்ப முடியவில்லை. குறுகலான சந்தில் நேருக்கு நேர். ஏகநாதன் பைக்கின் இன்ஜினை அணைத்து, சுவரோடு ஒட்டி நின்றார். சார் ஒவ்வொரு அடியாக வந்தார், கடந்தார், போனார். தலையை நிமிர்த்திப் பார்த்தாரா என்று ஏகநாதனுக்குத் தெரியாது. அவர் வாக்கரின் ரப்பர்க் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து காலியான பிறகும் வண்டியைக் கிளப்ப அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.