பெயருக்கு ஒத்துவராத பொட்டு

என் சிநேகிதி எனக்குக் கணினியில் பொட்டு வைத்துவிட்டாள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வேறு யாருடைய கதையாகவும் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். எழுத்து என் பொறுப்பு, படம் அவள் பொறுப்பு. நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. அவள் வெள்ளவத்தைச் சைவக் குடும்பம். நத்தாருக்கு எங்கள் வீட்டுக் கேக்கில் பாதியை அவளே முடிப்பாள். பொங்கலுக்கு அவள் வீட்டில் நான் வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குவேன்.

ஒரு தனியார் சிகிச்சை நிலையம் மூன்று மொழியிலும் தளம் கேட்டது. முகப்பில் எல்லா இனத்தவரும் இருக்க வேண்டுமாம். இலவசப் படத் தளங்களில் 'இலங்கைத் தமிழ்ப் பெண்' என்று தேடினேன். வந்தவர்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், இல்லாவிட்டால் அழுதுகொண்டிருந்தார்கள். மிச்சமெல்லாம் இந்தியக் கல்யாணப் பெண்கள். காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போன ஒருத்தியைக்கூடக் காணவில்லை.

நம்முடைய ஆட்களையே படம் எடுப்போம் என்றேன். கூடவே ஒரு விதியும் கொண்டுவந்தேன். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் மட்டுமல்ல, சம்மதித்தால் படத்தில் இருப்பவர் பெயரும் வர வேண்டும். முகத்துக்குச் சொந்தக்காரருக்குப் பெயர் இல்லையா என்று முதலாளியோடு மல்லுக்கட்டினேன். அவளும் என் பக்கம் நின்று வாதாடினாள்.

ஒரு முஸ்லிம் ஆசிரியை வந்தார். சக்கர நாற்காலியில் ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். தமிழுக்கு யார் என்றதும் அவள் என்னைக் காட்டினாள்.

"நீயே இரு. வேற ஆரைத் தேடுறது?"

"மேக்கப் ஒண்டும் வேணாம். இருக்கிற மாதிரியே எடு."

"ஓமடி. உன்ர மூஞ்சையை நான் தொடமாட்டன்."

படம் நன்றாகவே வந்தது. பந்தா பிடித்தவள் அல்ல நான், ஆனாலும் போனில் களவாக நாலைந்து தரம் பார்த்தேன். காரணம் இருக்கிறது. வெள்ளவத்தைச் சேலைக்கடைகளில் என் வெறும் நெற்றியைப் பார்த்துச் சிங்களத்தில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் தமிழில் பதில் சொன்னதும் "ஓ, தமிழோ?" என்பார்கள். இதற்கு ஓம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இந்த ஒரு இடத்திலாவது என் முகமும், ஒரு அர்ச்சிஷ்டவரின், அதாவது கிறிஸ்தவப் புனிதரின், பெயரோடு தொடங்கும் என் முழுப் பெயரும், தமிழ் என்று யாரும் கேட்காமலே நிற்கும் என்று ஆசைப்பட்டேன்.

தளம் வெளிவந்த அன்று பஸ்ஸில் இருந்து திறந்து பார்த்தேன். என் புருவங்களுக்கு நடுவில் ஒரு பொட்டு. கச்சிதமான வட்டம், கருஞ்சிவப்பு. மெல்லிய நிழல்கூடப் போட்டிருந்தாள், தொழில் தெரிந்தவள். ஆசிரியையின் பெயர் இருந்தது, பெரியவரின் பெயர் இருந்தது. என் படத்தின் கீழே எடுத்தவள் பெயர் மட்டும் இருந்தது.

ஒஃபிஸில் அவள் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"கிளையன்ற் பார்த்திட்டு, 'மேகே தெமள கெனா கோ?' எண்டு கேட்டவர். இதில தமிழ் ஆள் எங்க எண்டு."

"நான்தான் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். நம்பேல்லை. ஒரு பொட்டோட பிரச்சினை முடிஞ்சுது."

"என்ட பேர் எங்க?"

அவள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பொட்டு வச்ச ஆளுக்குக் கீழ அந்தப் பேரை எப்பிடியடி போடுறது?"

சண்டைக் காலத்தில் சோதனைச்சாவடி வருமுன், தமிழ் என்று தெரியாமலிருக்க, அவளுடைய அம்மா பஸ்ஸுக்குள்ளேயே பொட்டைத் துடைப்பாராம். எனக்கு அதைச் சொன்னவள் இவள்தான். சொல்லும்போது அழுதாள். அதை இப்போது சொல்லிக்காட்டினேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"அது வேற கதை. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு ஒரு பொட்டில என்ன கிடக்கு?"

நீங்கள். இத்தனை வருடமாக எனக்கு 'நீ'யும் 'அடி'யும் தவிர வேறொன்றும் சொல்லாதவள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. என்னைக் கிறிஸ்தவர் என்ற ஒரு கூட்டத்துக்குள் தள்ளிவிட்டு, தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். பொட்டைக்கூட மன்னித்திருப்பேன். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொட்டை எடு, இல்லையென்றால் என்னை எடு என்றேன். என்னை எடுத்தார்கள்.

என் இடத்துக்கு இலவசத் தளத்திலிருந்து ஓர் இந்தியப் பெண் வந்தாள். பட்டுச்சேலை, பெரிய பொட்டு. அவள் தமிழோ தெலுங்கோ மராத்தியோ, ஒருவரும் விசாரிக்கவில்லை. கிளையன்ற் உடனே சரி என்றார். என் விதிப்படி அவள் பெயரைத் தேடிப்பிடித்துக் கீழே போட்டவள் நான். பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துக்காட்டும் வரியில் 'புன்னகைக்கும் தமிழ்ப் பெண்' என்று எழுதியவளும் நான். அதுதானே என் வேலை.

அந்த ஞாயிறு அம்மா கோயிலால் வந்து, செபமாலையைக்கூட வைக்காமல், போனை என்னிடம் நீட்டினார். பூசைக்கு வந்த நாலு பேருக்குத் தளத்தில் என் படத்தைக் காட்டப்போய் ஏமாந்து வந்திருக்கிறார்.

"எங்க, இதில உன்னக் காணல்லயே?"

"எடுத்திட்டாங்க அம்மா."

"ஏன் பிள்ள, வடிவா வரல்லயா?"

"ஓம்," என்றேன். "வடிவா வரல்ல."