தடியோடுதான் உள்ளே போவேன்

எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் செகந்திராபாத்தில், லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஒரு பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பிரிவில் மற்றப் பெண்களோடு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் வலது கால் சூம்பிவிட்டது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நடந்த சண்டையே அந்தத் தடிக்காகத்தான்.

திருநெல்வேலியிலிருந்து அத்தையும் அத்தை மகளும் வந்திருந்தார்கள். அத்தை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். வளையல் வாங்க வேண்டும், அப்படியே ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். எங்கள் அம்மா இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் உருதுவில் 'ஹவ்' (ஆமாம்), 'நக்கோ' (வேண்டாம்) தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதனால் கடை கடையாகக் கூட்டிப்போய்ப் பேரம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் அது பிடிக்கும்.

லாட் பஜாரில் அன்று காலை முழுவதும் என் ராஜ்யம்தான். அரக்கு வளையலில் கண்ணாடிக் கல் பதித்து அடுக்கி வைத்திருப்பார்கள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அத்தை ஆசைப்பட்டது முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, "கைக்கு இத்தா போல்ரே பாய்?" என்று ஆரம்பித்தேன். ஏன் இவ்வளவு சொல்கிறாய் என்று அர்த்தம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு இறங்கி வந்தார். "ஏளா, இவ்வளவு வாய எங்கன வச்சிருந்தே!" என்று அத்தைக்கு ஒரே பெருமை. கல்யாண வளையல் உடையக் கூடாது என்று காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, இரண்டு பைகளில் பத்திரப்படுத்தினோம்.

பிறகு மியூசியம். பழைய ஊரில் ஒரு நவாபின் மாளிகையில் அவருடைய சாமான்களை வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த நான் அதன் உள்ளே போனதே கிடையாது. எங்கள் வீட்டில் எங்கே ஊர் சுற்றப் போனாலும் சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வெளியே உட்கார வேண்டும். அந்த ஆள் யார் என்று யாரும் பேசி முடிவு செய்ததில்லை. கோல்கொண்டா கோட்டையிலும் நான்தான், நுமாயிஷ் பொருட்காட்சியிலும் நான்தான், பள்ளிக்கூடச் சுற்றுலாவிலும் நான்தான்.

வாசலுக்கு வந்ததும் அத்தை இரண்டு பைகளையும் என் கையில் திணிக்கப் பார்த்தாள். "நீ எதுக்குளா காலை வச்சுக்கிட்டு கஷ்டப்படுதே? இங்கன நெழல்ல உக்காரு. வளையலு பத்திரம்" என்றாள். குரலில் பாசத்துக்குக் குறைவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. பஜார் முழுக்க நடந்தபோது இந்தக் கால் யார் கண்ணிலும் படவில்லை. பேரம் பேச நான் வேண்டும், பார்க்க வேண்டியதைப் பார்க்க மட்டும் நான் வேண்டாமா?

சாமான் வாங்கி வைத்துக்கொள்ள வாசலிலேயே ஒரு கவுண்டர் இருந்தது. பைகளை எடுத்துக்கொண்டுபோய் நானே அதில் கொடுத்தேன். அத்தை பதறினாள், ஒரு வளையல் உடைந்தாலும் சகுனம் சரியில்லை என்றாள். அப்படியானால் நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் போய்வருகிறேன் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அத்தை மகள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அடுத்த வம்பு காவலாளி உருவத்தில் வந்தது. காக்கி உடுப்பு, மருதாணி போட்ட தாடி. தடியைக் கவுண்டரில் ஜமா செய்துவிட்டு வா, அதாவது ஒப்படைத்துவிட்டு வா என்றார். குடையும் கம்பும் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், கண்ணாடியில் பட்டுவிடுமாம், ரூலாம்.

"யெ லக்டி நை மியா, மேரா பாவ் ஹை" என்றேன். இது கம்பு இல்லை, என் கால். அவர் மறுபடியும் ரூல் என்றார். வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு காலைக் கழற்றிக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போகட்டும், நானும் கொடுக்கிறேன் என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியே வாசற்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறவர்களும் போகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மானம் போகிறது, எழுந்திரு என்று அம்மா காதருகே கெஞ்சினாள். போகட்டும் என்றேன்.

அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகப் பேசினார். தடியை வைத்துவிட்டு யார் கையையாவது பிடித்துக்கொண்டு பார்க்கலாமே என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு போனால் அவர்கள் நிற்கிற இடத்தில்தான் நான் நிற்க முடியும், எனக்குப் பிடித்த இடத்தில் நிற்க முடியாது என்றேன். இதே தடியோடு தினமும் தொழிற்சாலையில் மீட்டர்களுக்கும் கருவிகளுக்கும் நடுவில் நடக்கிறேன், இதுவரை எதையும் தட்டிவிட்டதில்லை என்றும் சொன்னேன். வரிசையில் நின்ற பர்தா அணிந்த அம்மாள் ஒருத்தி, "ஜானே தேவ் நா சாப்", உள்ளே விடுங்களேன் ஐயா, என்று குரல் கொடுத்தாள். அதிகாரி தாடையைத் தடவினார். கடைசியில், காவலாளி கூடவே வருவார், சம்மதமா என்றார். தாராளமாக வரட்டும் என்று எழுந்தேன்.

இப்படியாக, முன்னால் நான் தடியை ஊன்றிக்கொண்டு போக, பின்னால் காக்கி உடுப்பில் ஒருவர் காவல் வர, அத்தை மகளோடு நான் மாளிகையைச் சுற்றிப் பார்த்தேன். சீனத்துப் பீங்கான், வாள், தந்தத்தில் செதுக்கிய நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னாலும் எனக்குத் தோன்றிய வரைக்கும் நின்றேன். அந்த மனிதரும் நின்றார், பாவம்.

ஒரு அறைக்குள் நுழைந்ததும் தடியை ஊன்றி அப்படியே நின்றுவிட்டேன். சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வெல்வெட் விரித்து வரிசையாகக் கைத்தடிகள். வெள்ளிப் பிடி போட்டது, யாளித் தலை வைத்தது, கருங்காலியில் இழைத்தது. நவாப் வெளியே போகும்போது உடுப்புக்குப் பொருத்தமாக ஒன்றை எடுத்துக்கொள்வாராம். கால் இரண்டும் நன்றாக இருந்தவர் அழகுக்குப் பிடித்த தடிகள்! அதற்கு வெல்வெட், விளக்கு, காவல். நடக்கத் தேவைப்படுகிற என் தடிக்கு வாசலில் தடை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

காவலாளியைத் திரும்பிப் பார்த்து, இத்தனை லக்டியை உள்ளே விட்டது யார் மியா என்று கேட்டேன். அவர் அலமாரியைப் பார்த்தார், என் தடியைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்த மாளிகையைக் காத்தும் அவருக்கு அது தோன்றியிருக்காது போல. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அதற்குப் பிறகு என் பின்னால் வராமல், பக்கத்தில் நடந்தார்.

வெளியே வந்தபோது, உள்ளே வராமல் அம்மாவோடு வாசலிலேயே இருந்துவிட்ட அத்தை, பைகளைத் திரும்ப வாங்கி, மடியில் பிரித்து வைத்து ஒவ்வொரு வளையலாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் உடையவில்லை. இருந்தாலும் பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று அப்பாவிடம் முறையிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகும் எத்தனையோ வாசல்களில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஜெயித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில் தொண்டை வற்றக் கத்திவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆனால் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டுப் போய் வருகிறவர்கள் ஆறுதலுக்காக, "உள்ளே அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை" என்பார்களே, அதை மட்டும் அந்த நாளுக்குப் பிறகு நான் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஒன்றும் இல்லை என்றால் அதையும் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.